பதினோராம் வளைவில் நிற்கும் வண்டி

“வாத்தியாரம்மா, வண்டி பதினோராம் வளைவுல நிக்குது. அங்க மட்டும் நிக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க.”

பாத்திமுத்து தலை நிமிரவில்லை. பற்றவைத்துக்கொண்டிருந்த ரேடியேட்டரிலிருந்து தீயை மட்டும் விலக்கினாள்.

“வேற எங்கயும் நிக்கலாமா?”

“எங்க வேணா நிக்கட்டும்.”

“பத்துல?”

“நிக்கட்டும்.”

“பன்னெண்டுல?”

“நிக்கட்டும்மா. பதினொண்ணு மட்டும் வேணாம்.”

அவள் தீயை அணைத்தாள்.

*

மலைக்கு ஏறும் சாலையில் அதுதான் கடைசிப் பட்டறை. அதைத் தாண்டினால் செக்போஸ்ட். அப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் மலையுச்சி ஊரான மெட்டு.

வழி கேட்டு வந்த வீரணனுக்கு ஐம்பத்தேழு வயது. அடிவார ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். காருக்கு முப்பத்தெட்டு வயது. பாத்திமுத்துவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சவாரி இல்லாமல் போன ஒரு காலத்தில் வீரணன் இரண்டு வருடம் அவளிடம் வேலை கற்றான். ஸ்டாண்டில் இருந்தவர்கள் அவனை நரைத்த சிஷ்யன் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களின் வண்டிகளும் சூடானால் இங்கேதான் வந்து நின்றன. அவர்களும் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த முறை வீரணன் எட்டு மாதமாக வரவில்லை. இரண்டு வருடம் கற்றவனுக்குச் சொந்த வண்டியின் சூட்டைத் தணிக்கத் தெரியாதா என்று நினைத்திருந்தான்.

தெரியவில்லை.

*

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்த வண்டியின் பானெட்டை உடனே திறக்க விடமாட்டாள். ஓட்டுகிறவன் ஸ்டூலில் உட்கார வேண்டும். சாவி போட்டதிலிருந்து நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஏதாவது விட்டுப்போனதாக அவளுக்குத் தோன்றினால் “மறுபடி” என்பாள். ஆள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவசரக்காரர்கள் எரிச்சல்பட்டு வேறு பட்டறைக்குப் போவார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வருவார்கள்.

வீரணனுக்கு அந்த வழக்கம் தெரியும். அவனே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“காலையில தண்ணி பார்த்தேன், ஆயில் பார்த்தேன். நாலு பேர் சவாரி. செக்போஸ்ட் தாண்டி ரெண்டாவது கியர். அஞ்சாவது வளைவு வரைக்கும் சூடு காட்டுற முள்ளு நடுவுல நிக்குது. எட்டுல ஏறுது. பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல செங்குத்து. அங்க சிவப்பத் தொட்டுருது. பதினொண்ணுல ஆவி. நிறுத்துறேன். தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம். ஆறிருது. கிளம்பிர்றேன்.”

“தினமுமா?”

“ஏறுறப்பல்லாம்.”

“சமதரையில?”

“சமதரையில நாள் பூரா ஓட்டுனாலும் ஒண்ணும் ஆகாது.”

“என்னென்ன மாத்துனீங்க?”

“சித்திரையில வாட்டர் பம்பு போச்சு. அப்ப பம்பு, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் எல்லாம் புதுசு போட்டேன். அதுக்குப் பெறகுதான் இந்தத் தொல்ல. ரேடியேட்டரக் கழுவுனேன். தெர்மோஸ்டாட் புதுசு. பெல்ட்டு புதுசு. ஹெட்டக் கழட்டி கேஸ்கெட் மாத்துனேன். ரேடியேட்டர் மூடி மட்டும் ரெண்டு தடவ மாத்திட்டேன்.”

“யாரு மாத்துனது?”

“நான்தான்.”

அவள் கையைத் துணியில் துடைத்தாள்.

“மறுபடி,” என்றாள்.

*

பதினோராம் வளைவு என்றால் அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில் வேலை பார்த்த தவசி என்பவன் மொபெட்டில் மேலேயிருந்து இறங்கி வந்தான். மாலை ஆறு மணி. பனிமூட்டம். சாலையில் ஒரு கல் கிடந்தது. மொபெட் அதில் ஏறிச் சாய்ந்தது. அந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். மொபெட் இந்தப் பக்கம் கிடந்தது. தவசி அந்தப் பக்கம் போனான்.

மலையில் வண்டி சூடாகி நின்றால் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். பாதிப் பேர் போடுவதில்லை. அதனால் அந்தக் கல் யாருடையது என்று ஸ்டாண்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் தத்தம் கல்லை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

வளைவு காவு கேட்கிறது என்றார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அடிவாரத்திலேயே ஒரு சேவலை அறுத்தார்கள். சேவல் என்ன பாவம் செய்தது என்றும் யாரும் கேட்கவில்லை.

அறுக்கும்போது சேவலின் காலைப் பிடித்துக்கொண்டவன் வீரணன்.

தவசியின் மனைவி பெயர் வனராணி. முப்பது வயது இருக்கும். காரியம் முடிந்த மறுநாள் அவள் பதினோராம் வளைவில் ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து வைத்தாள். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து அதை நிரப்பினாள். பக்கத்தில் அவித்த கடலைக் கூடையோடு உட்கார்ந்தாள். சூடாகி நிற்கும் வண்டிக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிழைப்புக்குத்தான் என்று ஊர் நினைத்தது.

*

வீரணன் இரண்டாம் முறை சொன்னான். சாவி, தண்ணீர், ஆயில், செக்போஸ்ட், எட்டு, பத்து, பதினொன்று.

“நிறுத்துறேன். தண்ணி ஊத்தி…”

“சரிவுல வண்டி எப்படி நிக்குது?”

“ஹேண்ட் பிரேக்குல.”

“உங்க ஹேண்ட் பிரேக்க எனக்குத் தெரியும்.”

வீரணன் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தான்.

“கால் பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“ஒரு மணி நேரமா?”

“ஆமா.”

“கல்லு?”

“இப்ப வைக்கிறதில்ல.”

பாத்திமுத்து அவனுடைய வலது காலைப் பார்த்தாள். அது சும்மா இருக்கும்போதும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“கால் பிரேக்குல இருந்தா பானெட்டத் தெறக்குறது யாரு?”

அவன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான்.

“சவாரியா?”

“சவாரியெல்லாம் எறங்கி மலையப் போட்டோ பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.”

“அப்ப யாரு?”

“வனராணி.”

“மூடியத் தெறக்குறது?”

“அவதான்.”

“தண்ணி ஊத்துறது?”

“அவதான் வாத்தியாரம்மா. எல்லாம் அவதான். நான் எறங்குறதே இல்ல.”

வெளியே ஒரு லாரி கியர் மாற்றி ஏறிப் போனது.

“நேத்து அவசரப்பட்டு மூடியத் தெறந்துட்டா,” என்றான் வீரணன். “ஆவி அடிச்சிருச்சு. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. நான் கால எடுக்க முடியல. எடுத்தா வண்டி பின்னால போயிரும். பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அவ கத்தக்கூட இல்ல. வெந்த கைய டிரம்முல முக்குனா. மறு கையால குடத்தத் தூக்கி, வண்டிக்குத்தான் மொதல்ல ஊத்துனா.”

“அதுக்கப்புறம்?”

“எப்பவும் செய்யிறததான் செஞ்சா.”

“என்ன செய்வா?”

“வண்டிக்குப் பின்னால போவா. பம்பருக்குக் கீழ குனிஞ்சு பாப்பா.”

“உங்க வண்டியிலயா?”

“நிக்கிற எல்லா வண்டியிலயும்.”

“என்னத்தப் பாக்குறா?”

வீரணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பீடி எடுப்பான் என்று பாத்திமுத்து நினைத்தாள். எடுக்கவில்லை.

“தெரியல,” என்றான்.

“மறுபடி.”

“இன்னும் எதச் சொல்லச் சொல்றீங்க? வண்டி சூடாகுதுன்னுதான வந்தேன்.”

“நேத்து நடந்தது போதும். கடைசியா கல்லு வச்ச அன்னைக்கு நடந்ததச் சொல்லுங்க.”

*

மார்கழிக் காலைக் குளிர். ஆனாலும் வீரணனுக்கு நெற்றியில் வேர்த்தது. அவன் எழுந்து போய்விடலாம். வேறு பட்டறைகள் இருக்கின்றன. கதை கேட்காமல் பானெட்டைத் திறக்கிறவர்கள் ஊரில் ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழு பேரிடமும் அவன் ஏற்கெனவே போய்வந்துவிட்டான்.

“சாவி போட்டதுல இருந்தா?” என்று கேட்டான்.

“சாவி போட்டதுல இருந்து.”

“ஞாயித்துக்கெழம,” என்று தொடங்கினான். “மெட்டுல ஒரு வீட்டுப் பொண்ணுக்குப் பூ வைக்கப் போறாங்க. நாலு பெரியவங்க. மடியில தட்டு. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள வாசப்படி ஏறிறணும்னு சொல்லித்தான் ஏறுனாங்க. தண்ணி பார்த்தேன். ஆயில் பார்த்தேன்.”

“ம்.”

“பதினொண்ணுல ஆவி. அப்ப டிரம்மும் இல்ல, அவளும் இல்ல. ஆள் நடமாட்டமே இல்ல. நான் எறங்கி கல்லு வச்சேன்.”

“எந்தக் கல்லு?”

“என் கல்லுதான். டிக்கியில கெடக்குமே. கம்பம் ஊர்ல திராட்சப் பந்தலுக்கு நட்ட கல்லுக்கால் ஒண்ணு ஒடஞ்சு கெடந்துச்சு. அதோட நுனித்துண்டு. கம்பி போறதுக்கு ஓட்ட போட்டிருக்கும். அந்த ஓட்டையில கயிறு கட்டி, மறுநுனிய பம்பர்ல கட்டியிருந்தேன்.”

“நீல நைலான் கயிறு,” என்றாள் பாத்திமுத்து.

“ஆமா.”

“நான் கட்டிக் குடுத்தது.”

“ஆமா. நீங்கதான் கட்டிக் குடுத்தீங்க. மறந்து கிளம்புனாலும் கல்லு இழுபட்டுச் சத்தம் போடும், எறங்கி எடுத்துருவீங்கன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அன்னைக்கு வண்டி முழுசா ஆறல. அதுக்குள்ள பின்னால இருந்த பெரியவர் கடிகாரத்தக் காட்டிக்கிட்டே இருந்தாரு. ராகு காலம் வந்தா காரியம் கெட்டுரும், நீயா பொறுப்புன்னாரு. சரின்னு கிளம்புனேன். எறங்கி கல்ல எடுக்கல. சத்தம் கேட்டுச்சு. நிறுத்திப் பார்த்தா கயிறு ஆக்சில்ல சுத்தி முறுக்கிக் கெடக்கு. அவுக்கப் பார்த்தேன். வரல. மறுபடி கடிகாரத்தக் காட்டுனாரு.”

அவன் நெற்றியைத் துடைத்தான்.

“சொல்லுங்க.”

“டேஷ் போர்டுல சவர பிளேடு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் அறுத்தேன். ஆக்சில்ல கெடந்தத உருவிப் போட்டேன். கல்லு ரோட்டுல கெடந்துச்சு. கனமான கல்லு. தூக்கி டிக்கியில போட ஒரு நிமிசம் ஆகும். எறங்கி வரும்போது எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

“எத்தன மணி?”

“நாலு.”

“எப்ப எறங்குனீங்க?”

“அஞ்சுக்கே எறங்கியிருக்கலாம். நல்ல காரியம் நடந்திருக்கு, சாப்பிட்டுப் போங்கன்னாங்க. ராகு காலத்துக்கு முன்னாடி கொண்டாந்து சேத்துட்டியேன்னு பெரியவர் என் தோளத் தட்டுனாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. வட பாயசத்தோட சாப்பிட்டேன். பனி எறங்கிருச்சு, காலையில போன்னாங்க. அங்கேயே படுத்துட்டேன்.”

பாத்திமுத்து கைத்துணியை மடித்தாள்.

“காலையில வந்தா கூட்டம். போலீசு கல்லத் தூக்கிச் சுவரோரம் வச்சிருந்துச்சு. ஓட்டையில நீலக் கயித்து முடிச்சு அப்படியே இருக்கு. நான் வண்டிய விட்டு எறங்கல. செக்போஸ்ட் வந்ததும் பம்பர்ல இருந்த முடிச்ச அவுத்து எடுத்துட்டேன்.”

“எங்க அது?”

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சுண்டு விரல் நீளம். நீலம் வெளுத்திருந்தது. ஒரு நுனியில் முடிச்சின் மடிப்பு. மறு நுனி பிளேடு பட்டு நேராக இருந்தது.

“எறிய முடியல,” என்றான்.

“கல்லு எங்க இருக்கு?”

“அவ கிட்டதான். அந்த முடிச்சோட டிரம்முக்குப் பக்கத்துல வச்சிருக்கா. நான் நிக்கிறப்பல்லாம், ‘கல்லு வைக்கட்டுமாண்ணே’ன்னு கேப்பா. வேணாம்பேன். கால எடுக்காம உக்காந்திருப்பேன்.”

அவன் கயிற்றுத் துண்டை மறுபடி பையில் போட்டான்.

“எனக்குப் பயமா இருக்கு வாத்தியாரம்மா. வெக்கமா இருக்கு. அவ ஊத்துற தண்ணியில என் வண்டி ஓடுது. அதான் கேக்குறேன். அங்க நிக்காம இருந்தாப் போதும்.”

பாத்திமுத்து எழுந்தாள்.

“இப்பத் தெறங்க பானெட்ட,” என்றாள்.

*

என்ஜின் கால் மணி நேரம் ஓடியது. முள் நடுவில் நின்றது.

“எல்லாப் பட்டறையிலயும் இப்படித்தான்,” என்றான் வீரணன். “நிக்கிற எடத்துல ஒண்ணுமே காட்டாது.”

“நீங்க இங்க வாங்க. கீழ் ஹோசப் பிடிங்க.”

ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் அந்த ரப்பர் குழாய் வழியாகத்தான் என்ஜினுக்குத் திரும்பிப் போகும். வீரணன் துணியைச் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்தான். அவள் ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கு?”

“கெட்டியா இருக்கு. நல்லாத்தான் இருக்கு.”

அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் செங்குத்தில் மிதிப்பது போல மிதித்தாள். என்ஜின் அலறியது.

வீரணனின் கைக்குள் ஹோஸ் இளைத்தது. இன்னும் இளைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

அவள் காலை எடுத்தாள். ஹோஸ் பழையபடி பருத்தது.

மறுபடி மிதித்தாள். மறுபடி ஒட்டிக்கொண்டது.

“என்னண்ணே?”

“உள்ளுக்குள்ள மூடிக்குது. தண்ணி போக வழியில்ல.”

“மேட்டுல பம்பு வேகமா உறிஞ்சும். பழைய ஹோசுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருந்திருக்குமே.”

“இருந்துச்சு.”

“எங்க?”

“துருப்பிடிச்சிருந்துச்சு. புது ஹோசுக்குள்ள நுழையல. அது எதுக்குன்னு எனக்குப் புரியல. அது இல்லாமயும் வண்டி ஓடுச்சு.”

“எங்கண்ணே?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

பாத்திமுத்து சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த கம்பிச் சுருள்களில் ஒன்றை எடுத்தாள். ஹோஸைக் கழற்றி, அதற்குள் அதைத் திருகித் திருகி நுழைத்தாள். மாட்டினாள். கிளிப்பை இறுக்கினாள். எட்டு மாதத் தொல்லை இருபது நிமிடத்தில் தீர்ந்தது.

மறுபடி மிதித்துக் காட்டினாள். என்ஜின் அலறியது. ஹோஸ் அப்படியே இருந்தது.

“சித்திரையிலயே உங்ககிட்ட வந்திருந்தா…” என்றான் வீரணன்.

“வரலையே.”

அவன் அங்கேயே நின்றான். சித்திரையில் வந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நின்றிருக்காது. வண்டி நின்றிருக்காவிட்டால் கல் டிக்கியில் கிடந்திருக்கும். தவசி வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு கம்பிச் சுருள். அதை எறிந்த குப்பைமேடு கூட அவனுக்கு ஞாபகம் இருந்தது.

“இனிமே சூடாகாதுல்ல?”

“ஆகாது.”

“பதினொண்ணுல நிக்க வேண்டியதில்லையே?”

“வண்டிக்கு நிக்க வேண்டியதில்ல.”

அவன் வண்டியில் ஏறவில்லை.

“நான் என்ன செய்யணும் வாத்தியாரம்மா?”

அவள் கையை நீட்டினாள். அவன் கயிற்றுத் துண்டைக் கொடுத்தான். வாங்கியவள் கார்க் கதவைத் திறந்து குனிந்தாள். ஸ்டீயரிங் கம்பியில், கண்ணுக்கு நேராக, அதைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். துண்டு சின்னது. முடிச்சு சரியாக விழ நேரமாயிற்று. அவிழ்த்து மறுபடி போட்டாள். அவள் ஒரு முடிச்சை இரண்டு தடவை போட்டு வீரணன் பார்த்ததில்லை.

பிறகு அவள் போய், பாதியில் விட்ட ரேடியேட்டரின் முன் உட்கார்ந்தாள். தீயைப் பற்றவைத்தாள். அவன் வண்டியைக் கிளப்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

*

சவாரி ஏற்றாமல் ஏறினான்.

ஐந்தாம் வளைவு. முள் நடுவில்.

எட்டு. நடுவில்.

பத்தைத் தாண்டிச் செங்குத்தில் இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தான். என்ஜின் அலறியது. முள் அசையவில்லை. எட்டு மாதம் கழித்து வண்டி அவன் சொன்னதைக் கேட்டது. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் நீல முடிச்சு கண்முன் சுற்றி வந்தது.

பதினோராம் வளைவில் பனி லேசாக இறங்கியிருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டே வனராணி எழுந்துவிட்டாள். வெந்த கையில் பற்பசை பூசியிருந்தாள். அது காய்ந்து வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. மறு கையில் குடம்.

வீரணன் நிற்கவில்லை. நிற்க வேண்டிய காரணம் இல்லை. இதைக் கேட்டுத்தான் பட்டறைக்குப் போனான்.

அவளைத் தாண்டிப் போனான்.

கண்ணாடியில் பார்த்தான். அவள் குடத்தோடு அங்கேயே நின்றாள். பிறகு தலையைச் சாய்த்து, போகிற வண்டியின் பம்பருக்கு அடியில் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். வண்டி தூரம் போகப் போக அவள் குனிந்துகொண்டே வந்தாள்.

அவன் பிரேக்கை மிதித்தான்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வண்டி பின்னால் நழுவியது. காலை எடுக்க முடியவில்லை.

அவள் ஏறி வந்தாள். ஜன்னல் பக்கம் மூச்சு வாங்க நின்றாள்.

“சூடாயிருச்சாண்ணே?”

“இல்ல தாயி.”

“ஆவியக் காணோமே.”

“சரியாப் போச்சு. இனிமே சூடாகாது.”

“நல்லதுண்ணே,” என்றாள். உண்மையாகவே சொன்னாள். “பெறகு ஏன் நிறுத்துனீங்க?”

வீரணன் பிரேக்கை இன்னும் அழுத்தினான்.

“எறங்கணும்,” என்றான். “வண்டி நிக்க மாட்டேங்குது.”

“கல்லு வைக்கட்டுமாண்ணே?”

எத்தனையோ முறை கேட்ட கேள்வி. ஒவ்வொரு முறையும் அவன் அதற்கு ஒரே பதில்தான் சொல்லியிருந்தான்.

“வையி தாயி.”

அவள் இறங்கிப் போனாள். டிரம்முக்குப் பக்கத்திலிருந்து கல்லை எடுத்தாள். வெந்த கையை விலக்கிக்கொண்டு, மறு கையாலும் இடுப்பாலும் அதை அணைத்துத் தூக்கிவந்தாள். கண்ணாடியில் அவன் எல்லாவற்றையும் பார்த்தான். பின் சக்கரத்துக்கு அடியில் கல் உட்காரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

“கால எடுங்கண்ணே.”

எடுத்தான்.

வண்டி அசையவில்லை.

“கிளம்பும்போது மறக்காம எடுத்து ஓரமா வச்சிருங்கண்ணே,” என்றாள் பின்னாலிருந்து.

வீரணன் ஸ்டீயரிங்கில் இருந்த முடிச்சை அவிழ்த்துக் கைக்குள் வைத்துக்கொண்டான். கதவைத் திறந்து இறங்கினான். நாற்பத்தைந்து நாள் கழித்து அந்தச் சாலையில் அவன் கால் பட்டது.

அவள் வழக்கம்போலக் குனிந்து பம்பருக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

“அங்க இல்ல தாயி,” என்றான்.

அவள் நிமிர்ந்தாள். அவன் உள்ளங்கையை விரித்து நீட்டினான்.